யூனிக்ரான் வந்தால் பகை என்னாகும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளைப் பற்றி நாம் வெளியிட்ட சிறு குறிப்பைத் தொடர்ந்து, பாலக்காட்டின் கிழக்கெல்லை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. பகைவர்களான இரு ரோபோ அணிகள் கடவுளை ஒத்த ஓர் எதிரிக்கு முன் ஒன்றுசேர்வதைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் பக்கத்தை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன்கள் இருவரும் திண்ணையில் ரோபோ பொம்மைகளை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சண்டையிடுகிறார்கள். மூத்தவன் சிவப்பு முத்திரை, இளையவன் ஊதா முத்திரை. ஆனால் பாட்டியின் வெண்கல உருளியைக் கவிழ்த்து வைத்து, "யூனிக்ரான் வந்துட்டான்" என்று ஒருவன் கூவியதும் இரண்டு அணிகளும் ஒரே வரிசையில் நின்றுவிடுகின்றன. யார் இந்த யூனிக்ரான்? இவர்கள் சேர்வதற்கு என்ன காரணம்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஐயா, உங்கள் பேரன்கள் கதையின் மையத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம், ஜப்பானின் டகாரா நிறுவனம் தயாரித்துவந்த உருமாறும் பொம்மைகளைப் பெற்று, அவற்றுக்குப் புதிய பெயர்களும் ஒரு போர்க்கதையும் கொடுத்து 1984-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சைபர்ட்ரான் என்னும் உலோகக் கோளில் பிறந்த ஒரே இனம் இரண்டாகப் பிரிந்து, ஆப்டிமஸ் பிரைம் தலைமையில் ஆட்டோபாட்களாகவும், மெகட்ரான் தலைமையில் டிசெப்டிகான்களாகவும் பல யுகங்களாகப் போரிட்டு வருகிறது என்பதே அந்தக் கதை. 1985 முதல் பல பொம்மைகளின் உடலில் ஒரு சிறிய கறுப்புச் சதுரத்தை ஒட்டியிருந்தார்கள். அதை விரலால் அழுத்தித் தேய்த்தால் சூட்டில் கறுப்பு விலகி, உள்ளிருந்து ஆட்டோபாட்டின் சிவப்பு முகமோ டிசெப்டிகானின் ஊதா முகமோ தெரியும். விரலை எடுத்துச் சற்றுப் பொறுத்தால் மறுபடியும் கறுத்துவிடும். ஒரே இனத்து உடல்களைக் கட்சி பிரித்துக் காட்ட அந்த முத்திரை தேவைப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் கூட்டணிக் கதைகள் நன்கு விளங்கும்.

யூனிக்ரான் 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான முழுநீள அனிமேஷன் படத்தில்தான் முதலில் தோன்றினான். கோள் வடிவில் விண்வெளியில் திரிந்து, எதிர்ப்படும் கோள்களைக் குடிமக்களோடு சேர்த்து விழுங்குபவன். வேண்டும்போது கொம்பும் இறக்கையும் உடைய பேருருவாகவும் எழுந்து நிற்பவன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் புகழ்பெற்ற திரைமேதை ஆர்சன் வெல்ஸ். அவர் 1985 அக்டோபரில் மறைந்துவிட்டதால், திரையில் அவருடைய கடைசிப் பாத்திரங்களுள் ஒன்றாக இது அமைந்தது. யூனிக்ரானைக் கடவுள் நிலைக்கு உயர்த்தியது, மார்வெல் நிறுவனத்தின் காமிக்ஸ் தொடருக்கு எழுதிய சைமன் ஃபர்மன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர். அவர் கூறிய தொன்மத்தின்படி, யூனிக்ரானும் பிரைமஸும் ஆதியிலிருந்தே ஒருவரையொருவர் எதிர்த்துவந்த இரு தெய்வ சக்திகள். யூனிக்ரானைத் தளையிடுவதற்காகப் பிரைமஸ் அவனை ஒரு வெறும் பாறைக்குள்ளும் தன்னை இன்னொரு பாறைக்குள்ளும் சிறைப்படுத்தினான். பிரைமஸ் இருந்த பாறையே பின்னர் சைபர்ட்ரான் கோளாயிற்று. யூனிக்ரான் திரும்பி வரும் நாளில் அவனை எதிர்த்து நிற்பதற்காகவே ரோபோ இனம் படைக்கப்பட்டது. ஆகவே, உள்நாட்டுப் போரில் அவர்கள் கழித்த யுகங்கள் அனைத்தும், எதற்காகப் பிறந்தார்களோ அதை மறந்து கழித்த காலமே.

தாங்கள் தமிழாசிரியர் என்பதால் சங்கப் புலவர் கோவூர் கிழார் உடனே நினைவுக்கு வருகிறார். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு, அதே குடியின் நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டுக் கிடந்தபோது, அவர் இருவருடைய வலிமையையும் எடைபோடவில்லை. இருவர் தலையிலும் இருந்த கண்ணியை, அதாவது மாலையைப் பார்த்தார். சேரரின் பனையும் இல்லை, பாண்டியரின் வேம்பும் இல்லை, இரண்டும் சோழரின் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார். புறநானூற்றின் 45-ஆம் பாட்டைப் பேரன்களுக்குச் சொல்லிப் பாருங்கள். அந்தப் புலவர் இல்லாத குறையைத்தான் சைபர்ட்ரானில் யூனிக்ரான் வந்து நிரப்ப வேண்டியிருந்தது என்பது என் கருத்து.

கேள்வி: 1986-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். அதில் இரு அணிகளும் முறையாக ஒன்றுசேரவே இல்லையே! உண்மையில் எந்தக் கதையில் சேர்ந்தார்கள்? அவற்றுள் நம்பும்படியாக இருப்பது எது?
– கல்லூரி மாணவி, சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)

பதில்: நீங்கள் கவனித்தது சரி. அந்தப் படத்தில் மெகட்ரானே யூனிக்ரானிடம் அடிமைப்பட்டு, கால்வட்ரான் என்ற புதிய உடலைப் பெற்று, அவனுடைய ஏவலாளாகத்தான் திரிகிறான். இறுதியில் மேட்ரிக்ஸ் என்னும் ஒளிக்கலனைத் திறந்து யூனிக்ரானை அழிப்பது ஓர் இளம் ஆட்டோபாட். கூட்டணி என்று சொல்லத்தக்க உடன்பாடு எதுவும் அங்கே இல்லை.

உண்மையான கூட்டணியை மார்வெல் காமிக்ஸின் பிற்பகுதியில், 1990-91 ஆண்டுகளின் இதழ்களில் காணலாம். யூனிக்ரான் வருவதை அறிந்த ஆப்டிமஸ் பிரைம், இரு படைகளும் ஒரே தலைமையின் கீழ் நின்றாலன்றி யாரும் பிழைக்க முடியாது என்று தெளிகிறான். சமமாக அமர்ந்து பேசலாம் என்று தூது அனுப்பினால் எதிரணி நம்பாது. பேச்சிலேயே காலம் கழிந்துவிடும். எனவே, அப்போது பூமியில் டிசெப்டிகான்களுக்குத் தலைவனாக இருந்த ஸ்கார்ப்போனாக்கிடம் தன் படையோடு சரணடைந்துவிடுகிறான். சொந்தத் தோழர்களே இதைக் கண்டு கொதிக்கிறார்கள். எதிரணியிலும் அமைதி இல்லை. தலைமைக்கு ஆசைப்பட்ட ஷாக்வேவ் போன்றவர்கள் கிளம்ப, டிசெப்டிகான்களுக்குள்ளேயே போர் மூள்கிறது. வென்றவன் அணி உடைவதும், சரணடைந்தவன் அதை ஒட்டவைக்கப் பாடுபடுவதுமாக நகரும் அந்தப் பக்கங்களை இந்தத் தொடரின் சிகரம் என்று தயங்காமல் சொல்வேன். 75-ஆம் இதழில் யூனிக்ரானுக்கு எதிரே நேருக்கு நேர் நின்று ஸ்கார்ப்போனாக் உயிர்விடுகிறான். சரணடைந்த பகைவன் தன்மீது வைத்த நம்பிக்கைக்கு அவன் தகுதியானவனாக மாறியதை அந்த இறப்பு காட்டிவிடுகிறது.

இதற்கு இணையாக நான் வைப்பது, 2002-இல் தொடங்கிய ஆர்மடா என்னும் 52 பகுதித் தொலைக்காட்சித் தொடர். இங்கே யூனிக்ரானின் பசியே வேறுவிதமானது. அவன் பகையை உண்டு வளர்கிறான். இரு அணிகளும் எவற்றைக் கைப்பற்றுவதற்காகப் போரிட்டார்களோ, அந்த மினிகான் என்னும் சிறிய ரோபோக்களே பகையை வளர்ப்பதற்காக அவன் படைத்தவைதாம் என்பது பின்னால் தெரியவரும். யூனிக்ரான் என்று ஒருவன் இருக்கிறான் என்று ஆப்டிமஸ் சொல்வதைக் கால்வட்ரான் நம்பவில்லை. அவனை நம்பவைக்க ஸ்டார்ஸ்கிரீம் என்ற டிசெப்டிகான் வீரன் முதலில் தன் தலைவனோடு வாள்வீசிப் பார்க்கிறான். அதுவும் பலிக்காதபோது திரும்பி நின்று யூனிக்ரானைத் தாக்கி, அவனுடைய எதிர்த்தாக்குதலில் எரிந்து அழிகிறான். அதைக் கண்ணால் கண்ட பிறகே கால்வட்ரான் ஆப்டிமஸோடு சேர்கிறான். கடைசிப் பகுதியில், யூனிக்ரான் அடங்கிய பிறகும் இருவரும் பழைய கணக்கைத் தீர்க்கச் சண்டையிட, அந்தச் சண்டையையே உணவாகக் கொண்டு அவன் மீண்டும் விழிக்கிறான். அப்போது கால்வட்ரான் தன்னையே அவனுக்குள் போட்டுக்கொண்டு போரை முடிக்கிறான்.

இரண்டிலும் எனக்குத் தெரிவது ஒன்றே. அச்சுறுத்தல் எவ்வளவு பெரிதாயினும், அது மட்டும் பகைவரைச் சேர்த்துவிடுவதில்லை. வானம் இருண்டு நிற்கும்போதும் கால்வட்ரான் நம்ப மறுக்கிறான். கோள்விழுங்கி நெருங்கும்போதும் ஷாக்வேவ் நாற்காலிக்குப் போரிடுகிறான். யாராவது ஒருவர், பதிலுக்கு ஒன்றும் கேட்காமல், முதலில் இழக்க வேண்டியிருக்கிறது. ஆப்டிமஸ் தன் மானத்தை இழந்தான். ஸ்டார்ஸ்கிரீம் உயிரை இழந்தான். இந்த முதல் இழப்பு இல்லாமல், பேராபத்து வந்ததும் எல்லோரும் கைகோத்தார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடும் கதைகள் என் நெஞ்சில் தங்கியதே இல்லை.

கேள்வி: என் மகன் கைப்பேசியில் இந்தக் கதைகளைப் பார்க்கிறான். கடவுள் போன்ற ஒருவனைக் கெட்டவனாகக் காட்டுவது குழந்தை மனத்தைக் குழப்பாதா?
– ஒரு தாய், வேலந்தாவளம்

பதில்: அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. யூனிக்ரானுக்கு ஆற்றல் மட்டுமே தெய்வ அளவுக்கு இருக்கிறது. அவனை வணங்கி வரம் பெறும் மக்களோ, அவனுடைய அருளோ கதையில் இல்லை. காக்கும் சக்தியாகப் பிரைமஸ் எதிரே நிற்பதால், நம்பிக்கையைப் பழிக்கும் நோக்கமும் தெரியவில்லை. வரம் பெற்று மூவுலகையும் வதைத்த அசுரர்களின் கதைகளைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு, பெரிய ஆற்றல் வேறு, வணங்கத்தக்க தன்மை வேறு என்பது எளிதில் பிடிபடும். வன்முறைக் காட்சிகளின் அளவைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். முடிந்தவரை அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: யூனிக்ரான் பொம்மை கிடைக்குமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், கோவிந்தாபுரம்

பதில்: தம்பி, 1986-இல் படம் வந்தபோது அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. ஆர்மடா தொடரை ஒட்டி 2003-இல்தான் முதல் யூனிக்ரான் பொம்மை விற்பனைக்கு வந்தது. அது கோளாகவும் மாறும். 2019-இல் 8,000 பேர் முன்பணம் கட்டினால் மட்டுமே செய்வோம் என்று அறிவித்து, ஏறத்தாழ 27 அங்குல உயரத்தில் ஒன்றைத் தயாரித்தார்கள். இரண்டும் விலை மிகுந்தவை. கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் வீட்டு உருளியை நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: தேவரும் அசுரரும் சேர்ந்து பாற்கடலைக் கடைந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
– ஒரு வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: நல்ல கேள்வி. பாற்கடலில் அவர்களைச் சேர்த்தது அமுதத்தின்மேல் இருந்த விருப்பம். பெறப்போகும் பொருள் ஒன்று நடுவில் இருந்ததால், அது கைக்கு வந்த கணமே கூட்டு முறிந்தது. யூனிக்ரான் கதைகளில் பங்கிட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. இருப்பதைக் காப்பதற்காகச் சேர்கிறார்கள். என்றாலும் ஓர் இடத்தில் இரண்டும் நெருங்கி வருகின்றன. கடையும்போது எழுந்த ஆலகாலத்தைக் கண்டு இரு தரப்பும் ஓடியபோது, அதை எடுத்து உண்டவர் எந்தப் பங்கும் கேளாத சிவபெருமான். முதலில் இழப்பவரைப் பற்றி மேலே சொன்னேனே, அதற்கு நம் புராணத்தில் இதைவிடச் சிறந்த காட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: யூனிக்ரான் போன பிறகும் நட்பு நீடிக்கும் கதை உண்டா?
– ஒரு வாசகி, கோபாலபுரம்

பதில்: பெரும்பாலும் இல்லை. மார்வெல் காமிக்ஸில் போர் முடிந்த சிறிது காலத்திலேயே டிசெப்டிகான்கள் பிரிந்து சென்று மீண்டும் மோதுகிறார்கள். 2010-இல் தொடங்கிய பிரைம் தொடரின் முதல் பருவ முடிவு இன்னும் வருத்தமானது. அங்கே யூனிக்ரான் வெளியிலிருந்து வருவதில்லை; நம் பூமியின் மையமே அவன்தான். அவனுடைய இரத்தமாகிய இருண்ட எனர்ஜானைத் தன் உடலில் ஏற்றிக்கொண்ட மெகட்ரான் அவனிடமே பணிபுரியக் கேட்டுப் புறக்கணிக்கப்பட்டு, பிறகு ஆப்டிமஸோடு சேர்கிறான். ஆப்டிமஸ் மேட்ரிக்ஸின் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு யூனிக்ரானை உறங்கவைக்கிறான். அத்துடன் தலைவனாக வாழ்ந்த நினைவும் போய்விடுகிறது. போருக்கு முந்தைய ஓரியன் பாக்ஸ் என்ற ஆவணக் காப்பாளனாகக் கண்விழித்து, எதிரே நிற்கும் மெகட்ரானைப் பழைய நண்பனாக மட்டுமே அடையாளம் கண்டு, அவன் பின்னால் நடந்துவிடுகிறான். தோழர்கள் செய்வதறியாது நிற்கிறார்கள். பகை மறந்த ஒரே ஒருவன் நினைவிழந்தவன் என்பதை எழுத்தாளர்கள் எவ்வளவு துணிவோடு எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். ஆட்டோபாட், டிசெப்டிகான் தலைவர்களுக்கு 1984-இல் தொடங்கிய முதல் தொலைக்காட்சித் தொடரில் குரல் கொடுத்த பீட்டர் கல்லனும் ஃபிராங்க் வெல்கரும் இதிலும் குரல் கொடுத்திருப்பதால், அந்தக் காட்சிக்குத் தனிக் கனம் சேர்கிறது.

கேள்வி: பத்து வயது மகளோடு பார்க்க எந்த வரிசை நல்லது? பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைகளும் சேர்ந்து பார்ப்பார்கள்.
– ஒரு தந்தை, வாளையாறு

பதில்: ஆர்மடாவிலிருந்து தொடங்குங்கள், முதல் சில பகுதிகள் மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து பிரைம் தொடரின் முதல் பருவம். 1986-ஆம் ஆண்டுப் படத்தைக் கடைசிக்கு வையுங்கள். பழைய பொம்மைகளை விலக்கிப் புதியவற்றுக்கு இடம் தருவதற்காக அதில் ஆப்டிமஸ் பிரைமைச் சாகடித்திருக்கிறார்கள். அன்று அரங்குகளில் குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். அந்தக் காட்சி வருவதற்கு முன்பே, 1984-இல் தொடங்கிய முதல் தொடரின் பிந்தைய பகுதிகளில் அவன் திரும்பி வருவான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.