வெள்ளம் துடைத்துவிட்ட ஓடையில் பூச்சிகள் திரும்ப வருமா?

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஓடையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒரு பூச்சிகூட இல்லை. வேறு ஓடையிலிருந்து பிடித்து வந்து விடலாமா?

பதில்: வேண்டாம். ஓடையின் மேல்பகுதியோ பக்கத்து ஓடைகளோ நல்ல நிலையில் இருந்தால் பூச்சிகள் தாமாகவே வந்துவிடும்.

ஓடைப் பூச்சிகளில் பல, வெள்ளமே இல்லாத நாளிலும் கல்லை விட்டு நீரோடு கொஞ்ச தூரம் போகும். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான்; பகலில் போனால் மீன் கண்ணில் பட்டுவிடுமே! பொழுது சாய்ந்ததும் கண் நெருக்கமான வலையை ஓட்டத்துக்குக் குறுக்கே அரை மணி நேரம் பிடித்துப் பாருங்கள். அதே வலையை நண்பகலிலும் பிடித்தால் வித்தியாசம் தெரியும்.

சரி, எல்லாம் கீழேயே போனால் மேல்பகுதி காலியாகிவிடாதா? சுவீடன் ஓடைகளை ஆராய்ந்த கார்ல் முல்லர் 1954-இல் இதற்கு ஒரு விடை சொன்னார்: நீரில் குஞ்சாக வளர்ந்து, இறக்கை முளைத்து வெளியே வந்த பூச்சிகள் மேல்நோக்கிப் பறந்து போய் முட்டையிடுகின்றன. எல்லா இனமும் அப்படிப் பறப்பதில்லை. பறக்கவும் தேவையில்லை என்பேன். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனை குஞ்சுக்கும் கல்லில் இடமிருக்காது. நீரோடு போவதில் பெரும்பங்கு அந்த உபரிதான். மேலே சில தாய்கள் வந்து சேர்ந்தாலே போதும். தவிர, அடிச்சரளைக்குள் புதைந்து தப்பிய குஞ்சுகளும் மெல்ல மேலேறி வரும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது முட்டையிடும் இடம். மேஃப்ளை (குஞ்சாக நீரில் வளர்ந்து, இறக்கை முளைத்ததும் கொஞ்ச காலமே வாழும் பூச்சி) இனங்களில் சில, நீருக்கு மேல் தலைநீட்டும் கல்லில் இறங்கும். இறக்கையை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, கல்லைப் பிடித்தபடி நீருக்குள் நடந்தே போய், அடிப்பக்கத்தில் முட்டைகளை வரிசையாக ஒட்டும். வெள்ளத்துக்குப் பிறகு 'சுத்தம்' செய்கிறோம் என்று இந்தக் கற்களை அள்ளிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கரைச் செடிகளையும் விட்டுவையுங்கள். இறக்கை முளைத்தவை ஒதுங்குவது அங்கேதான். இரவில் ஓடையோரம் விளக்கு எரிய வேண்டாம், பூச்சிகள் அதையே சுற்றிச் செத்துப்போகும்.

வேகமாக வளரும் இனங்கள் சில வாரங்களிலேயே தென்படும். வளர ஓராண்டோ அதற்கு மேலோ எடுப்பவை தாமதமாகத்தான் வரும். இறக்கையே இல்லாத நத்தைகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். சில மாதமாகியும் கற்கள் வெறுமையாகவே இருந்தால் வண்டல் மூடியிருக்கிறதா, பூச்சிமருந்து கலக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால், பிடித்து வந்து விட்டாலும் செத்துத்தான் போகும்.