ஊரை மாற்றினால் பிள்ளை தப்புவானா?

கேள்வி: விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். மகன் 9ஆம் தரம். பாடசாலை விட்டு ரியூசன் தொடங்கும்வரை பொடியன்கள் சந்தியில் நிற்கிறார்கள். அங்குள்ள கடையொன்றில் சிகரெட்டும், மாவா என்கிற புகையிலை கலந்த பாக்கும் கிடைக்கின்றனவாம். அவனை யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டில் விட்டுப் படிப்பிக்க யோசிக்கிறேன். 'நல்ல பிள்ளை எங்கிருந்தாலும் நல்ல பிள்ளைதான்' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
— ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: கணவரின் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. புகைத்தல், மது, அடிதடி, தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் போன்றவை பதின்ம வயதில் பெரும்பாலும் கூட்டாளிகளோடு சேர்ந்தே தொடங்குகின்றன. கைக்கெட்டும் தூரத்தில் பொருளும், ஏனென்று கேட்க ஆளில்லாத நேரமும் ஒன்றுசேர்ந்தால் நல்ல பிள்ளையும் தடுமாறும்.

ஆனால் சூழல் என்பது ஊரின் வறுமையோ பெயரோ அல்ல. சிக்காகோ நகரில் நடந்து 1997இல் வெளியான ஆய்வொன்று, வறுமை ஒரே அளவில் இருந்த குடியிருப்புகளுக்குள்ளும், அயலவர் ஒருவரையொருவர் நம்பிப் பிறர் பிள்ளைகளையும் தட்டிக்கேட்கும் இடங்களில் வன்முறை குறைவாக இருந்ததைக் காட்டியது. இடப்பெயர்வாலும் 2009க்குப் பிந்திய மீள்குடியேற்றத்தாலும் அயலே மாறிப்போன ஊர்கள் வன்னியில் உண்டு. இவன் இன்னாருடைய மகன் என்று அறிந்து அதட்டக்கூடிய பெரியவர்கள் அங்கே குறைவு. உங்கள் சந்தியின் உண்மையான குறை அதுவாகவும் இருக்கலாம்.

பாடசாலையும் அப்படித்தான். பாடசாலையைத் தன்னுடையதாக உணரும் மாணவரிடம் இப்பழக்கங்கள் குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. பழக்கத்தில் விழுந்தபின் பாடசாலையை வெறுப்பவர்களும் உண்டு என்பதால், எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று.

இனி இடமாற்றம். அமெரிக்காவில் 1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய திட்டமொன்று, வறிய குடும்பங்கள் வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவியது. அங்கு சென்ற பெண்பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டது. ஆண்பிள்ளைகளோ சில விடயங்களில், அவ்வுதவி கிடைக்காத குடும்பங்களின் ஆண்பிள்ளைகளைவிட மோசமாக இருந்தனர். அவர்கள் குடும்பத்தோடு போனவர்கள். உங்கள் மகனோ தாயையும் தகப்பனையும் விட்டுப் போகவேண்டியவன். ஆகவே நான் தயங்குகிறேன்.

முதலில் அந்த இடைநேரத்தைக் கவனியுங்கள். பாடசாலை மைதானத்தையோ சனசமூக நிலையத்தையோ அவ்வேளையில் ஒரு பெரியவரின் பொறுப்பில் திறந்துவைக்க முடியுமா என்று அதிபரிடமும் மற்றப் பெற்றோரிடமும் பேசுங்கள். தனியாகப் போவதைவிட நாலு பேராகப் போனால் காரியம் நடக்கும். 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களையும் மதுவையும் விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கடைக்காரரிடம் நேரே சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். மகனைக் குற்றவாளிபோல் விசாரிக்காமல், சந்தியில் யார் யார் நிற்பார்கள், என்ன பேசுவார்கள் என்று கதையோடு கதையாகக் கேளுங்கள்.

யாராவது அவனை மிரட்டினாலோ, கடத்தலுக்குப் பயன்படுத்த முயன்றாலோ மட்டும் தாமதிக்காமல் இடத்தை மாற்றுங்கள். அப்போதும் காரணத்தை அவனுக்கு மறைக்காதீர்கள், தண்டனையாக அனுப்பப்படுவதாக அவன் எண்ணக்கூடாது.