வெயில் காலத்தில் தம்பதியாக ஏற ராயக்கோட்டை மலைக்கோட்டை சரிவருமா?

தாராளமாக வரும், காலை ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருந்தால். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள். கருங்கல் பாறை வெயிலை உள்வாங்கித் திருப்பி வீசும். அப்போது மேலே சூரியன், கீழே அடுப்பு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள இந்தக் கோட்டையை 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்தனர். உச்சியிலிருந்து காணும் வயல்களும் குன்றுகளும் அவ்வளவு அழகு, காலை மஞ்சள் வெயிலில் இன்னும் கூடுதல்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை நாலு மடக்குக் குடியுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னே போனால் மற்றவர் மூச்சிரைக்கத் துரத்த வேண்டியிருக்கும், பாதி வழியில் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். பாறைமேல் சிதறிய பொடிச்சரளை உருளும். தேய்ந்த செருப்பு வேண்டாம். அடி சின்னதாக, முழங்கால் சற்று மடங்கி இருக்கட்டும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உச்சியை மறந்து நிழலில் உட்காருங்கள், பிடரியை நனைத்துக்கொள்ளுங்கள்.

கோடை மழை மாலையில் இடியோடு வரும். அந்த நேரத்தில் மொட்டைப் பாறையில் நிற்கவே கூடாது.

பாறை ஏற்றம் வேண்டாம், படிகளே போதும் என்றால் அரூர் பக்கம் உள்ள தீர்த்தமலைக்குப் போகலாம்.