பழனி மலைப் பக்கம் பழைய தலைமுறை எப்படிப் புகைத்தது? குளிருக்கு அது இதமா?

கேள்வியில் மூன்று இருக்கின்றன: கொடைக்கானல் பக்கம் அந்தக் காலத்தில் என்ன புகைத்தார்கள், அந்த ஈரத்தில் எப்படிப் பற்ற வைத்தார்கள், குளிருக்கு இதம் என்பது நிஜமா. கடைசியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிஜமில்லை. புகையிலையில் இருக்கும் நிகோடின் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விரல் நுனியில் சூடு ஏறாது, இறங்கும். பொத்திய கைக்குள் இருக்கும் நெருப்பும், கூடவே உள்ளே போகும் சூடான டீயும்தான் அந்தக் கதகதப்பைத் தருகின்றன. மலையில் எத்தனையோ பேர் இந்த ஒரு நம்பிக்கையில்தான் சின்ன வயதிலேயே பீடியைத் தொட்டார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இனி என்ன புகைத்தார்கள் என்பதைப் பற்றி. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். பனிமூட்டம் இறங்கினால் உப்பும் தீப்பெட்டியும் ஒன்றாக நமத்துப் போகிற ஊர். புகையிலை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நல்ல சிகரெட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கும். அதற்கு மேலே போனால் இழுக்க வராது, பாதியில் அணையும். கீழே போனால் படபடவென்று எரிந்து தொண்டையைக் கீறும்.

டின் சிகரெட்டுக்கு இங்கே மதிப்பு வந்தது அதனால்தான். கோல்ட் பிளேக், கேப்ஸ்டன், பிளேயர்ஸ் எல்லாம் 50 அடங்கிய உருண்டை டின்னில் காற்றுப் புகாமல் அடைத்து வந்தன. மேல் மூடியில் ஒரு சின்ன வெட்டுப் பல் இருக்கும். மூடியை அழுத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வட்டமாக அறுபடும். அறுபட்ட ஓரம் கத்தி மாதிரி, அவசரப்பட்டால் விரல் போகும். ஆனால் பாதுகாப்பெல்லாம் அந்தத் தகடு அறுபடும் வரைதான். திறந்த டின்னை அடுப்படியில் வைக்காமல் ஜன்னலோரம் வைத்தால் சில நாளிலேயே காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும்.

டின் வாங்க முடிந்தவர்கள் துரைமார்களும் வசதியானவர்களும். மற்றவர்களுக்குப் பத்து அடங்கிய பாக்கெட், அதையும் பிரித்து ஒன்று இரண்டாகத்தான் வாங்குவார்கள். சிசர்ஸ், பாசிங் ஷோ, மஞ்சள் பாக்கெட் சார்மினார். இவை பில்டர் இல்லாத சிகரெட், இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும். பற்ற வைப்பதற்கு முன் ஒரு முனையைக் கட்டை விரல் நகத்தில் நாலு தட்டு தட்டுவார்களே, அது பந்தாவுக்காக இல்லை. தட்டின பக்கம் தூள் இறுகும். அதை வாயில் வைத்தால் நாக்கில் தூள் ஒட்டாது. மறுமுனையில் கொஞ்சம் வெறும் காகிதம் நிற்கும், நெருப்பு அதில் சட்டென்று பிடிக்கும்.

வேலைக்காட்டில் பீடிதான். ஒன்றில் இருக்கும் தூள் கால் கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பீடி இலை வழியாகக் காற்று சரியாகப் போகாது, அதனால் விடாமல் இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அப்படி ஓயாமல் இழுப்பதால் நெஞ்சுக்குள் போகும் தார் என்கிற புகைக் கசடும் அதிகம். "இலைதானே, சிகரெட்டை விடத் தேவலை" என்ற பேச்சு முழுத் தவறு. ஈரம் ஏறினால் இலை தொளதொளத்து நூல் நழுவும். அடுப்புக்கு ரொம்பப் பக்கம் வைத்தால் இலை வெடித்துத் தூள் கொட்டும். அடுப்புக்கு மேலே பரணில் தகர டப்பாவுக்குள் வைப்பதுதான் சரியான இடம். எடுத்ததும் விரலிடையில் லேசாக உருட்டி, ஒரு ஊது ஊதித் தூசியைத் தள்ளிவிட்டுப் பற்ற வைப்பார்கள்.

சுருட்டுக்கு அடிவாரத்துத் திண்டுக்கல். ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு அங்கேதான் தயாரானது. பக்கத்து வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த இலையில் குளோரைடு ஏறிவிடும், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எரியாமல் சதி செய்யும். அப்படிப்பட்ட இலை வாயில் போட்டு மெல்வதற்குத்தான் லாயக்கு, சுருட்டுக்கு நல்ல தண்ணீர் இலை வேண்டும். சுருட்டைப் பற்ற வைக்கும்போது தீயில் முக்கி இழுக்கக் கூடாது. தீக்கு சற்று மேலே முனையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, வட்டம் முழுக்கச் சிவந்த பிறகே இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கமாகவே எரிந்து வரும். அப்படி ஆனால் வேகமாக எரியும் பக்கத்தில் எச்சில் விரலால் ஒரு தடவு தடவினால் மற்றப் பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும்.

நெருப்புக்கு வருவோம். தீக்குச்சி நமத்தால் பெரும்பாலும் குற்றம் குச்சியில் இல்லை, பெட்டியின் பக்கவாட்டு மருந்தில். சிவப்புப் பாஸ்பரஸ் பூச்சு ஈரத்தில் இளகி, உரசினால் வழித்துக்கொண்டு வந்துவிடும். குச்சியைத் தலைமுடியில் தேய்த்துக் காய வைத்தாலும் பெட்டி ஈரமாக இருந்தால் பயனில்லை. அதனால் பெட்டியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைப்பார்கள். பெட்டிக்கடையில் தேங்காய் நார்க் கயிறு கனன்றுகொண்டு தொங்கும், டீக்கடையில் சீகை மர விறகின் கங்கு ஒன்றை இடுக்கியால் எடுத்து நீட்டுவார்கள். கயிற்றில் பற்ற வைக்கும்போது ஊதக் கூடாது, முனையை ஒட்டி வைத்து மெல்ல உள்ளுக்கு இழுக்க வேண்டும். ஊதினால் சாம்பல் பறந்து கண்ணில் விழும்.

1975 சிகரெட் சட்டத்துக்குப் பிறகு பாக்கெட்டில் எச்சரிக்கை வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை கண்டிப்பானது.

கடைசியாகத் துண்டு. கீழே போட்ட பீடி பெரும்பாலும் தானாக அணையும். சிகரெட் அப்படி இல்லை, காகிதத்தில் எரிவதற்கென்றே உப்பு சேர்த்திருப்பதால் யாரும் இழுக்காமலே அடிவரை கனலும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மலைப் புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு துண்டு போதும், சரிவு முழுக்கத் தீ ஏறிவிடும். விவரம் தெரிந்த பெரியவர்கள் எதுவானாலும் கல்லில் நசுக்கி, தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே போட்டார்கள். இப்போது வருகிறவர்கள் கார் ஜன்னல் வழியாக வீசுகிறார்கள்.