மைக்ரோவேவ் அவன் திடீரென்று நின்றுவிட்டால் என்ன பார்க்க வேண்டும்?

விளக்கு, திரை எதுவுமே எரியவில்லையா? அதே பிளக் பாயிண்டில் வேறொரு சாதனத்தைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால், பெரும்பாலும் மைக்ரோவேவுக்குள் ஃபியூஸ் போயிருக்கும். ஃபியூஸ் என்பது மின்னோட்டம் அளவு மீறினால் உருகி இணைப்பைத் துண்டிக்கும் மெல்லிய கம்பி.

புதிதாக ஒன்றைப் போட்டால் மட்டும் போதாது. ஏன் போனது என்பதுதான் கேள்வி. கதவுப் பகுதியில் வழக்கமாக மூன்று சிறு சுவிட்சுகள் உண்டு. இரண்டு, கதவைத் திறந்ததும் மின்சாரத்தை நிறுத்துபவை. அவை ஒட்டிக்கொண்டு நிறுத்தத் தவறினால், மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். காவலாளி தூங்கிவிட்டால் மெயினையே அணைத்துவிடும் மேற்பார்வையாளர் மாதிரி. கதவை அறைந்து சாத்துகிறவர்கள் கவனிக்க!

தட்டு சுற்றியும் சூடு வரவில்லையென்றால் மேக்னட்ரான் (சூடாக்கும் நுண்ணலைகளை உண்டாக்கும் பாகம்), டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) போன்றவற்றில் கோளாறு இருக்கலாம், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் திறந்து பார்க்கலாம் என்று பலர் நினைப்பது தவறு: உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கக்கூடும்.