மேட்டைவிட இறக்கத்தைக் கவனியுங்கள்
மேடேறினாலே மூச்சு வாங்குகிறது, வசந்தகால மாரத்தானுக்கு இன்னும் 10 வாரம்தான் என்கிறீர்கள். பயப்படாதீர்கள். மேட்டில் கடிகாரத்தைப் பார்க்காமல், அடியைச் சுருக்கி, மூச்சு சீராக இருக்கும் வேகத்தில் ஏறினால் போதும்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மேடுபள்ளமான பாதையில் 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கல்லாவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். (முதல் தடவை இரண்டு நாள் படியிறங்கவே முடியாமல் தவித்தேன்.) நல்லவேளை, ஒருமுறை இறக்கத்தில் இப்படி வலி கண்ட தசை அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. அதனால் வாரம் ஒருநாள் மிதமான சரிவில் இறங்கிப் பழகுங்கள். கடைசி இரண்டு வாரம் அது வேண்டாம்.

அப்புறம், குளிரில் பயிற்சி செய்த உடம்பு இது. போட்டியன்று வெயிலடித்தால் வேகத்தைக் குறைத்தே தொடங்குங்கள்.