முன்னே ஒரே பற்சக்கரம்: 12 கியருக்கு மாறலாமா?

கேள்வி: ஐயா, என் மலைச் சைக்கிளில் முன்னே 32 பற்கள் கொண்ட ஒரே பற்சக்கரமும், பின்னே 11 முதல் 42 பற்கள் வரையிலான 10 கியர் கேசட்டும் (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) உள்ளன. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதையில் பாதி வழியிலேயே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிடுகிறது. முன்பு வைத்திருந்த மூன்று பற்சக்கரச் சைக்கிளில் இதே பாதையை மெதுவாகவேனும் ஏறி முடித்திருக்கிறேன். கடைக்காரர் 12 கியருக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் உங்கள் பழைய சைக்கிளிலேயே இருக்கிறது. அத்தகைய சைக்கிள்களில் முன்னே மிகச் சிறிய பற்சக்கரம் பெரும்பாலும் 22 பற்களும், பின்னே மிகப் பெரியது 34 பற்களும் கொண்டிருக்கும். 22-ஐ 34-ஆல் வகுத்தால் 0.65 வரும், அதாவது, பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின்சக்கரம் மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுத்தான் உருளும். உங்கள் இப்போதைய சைக்கிளில் 32-ஐ 42-ஆல் வகுக்க 0.76 வருகிறது. புதிய சைக்கிளின் மிக இலகுவான கியரே பழையதைவிடக் கனமானது என்பதால், உங்கள் கால்களில் வலு குறைந்துவிட்டதோ என்று தயவுசெய்து கவலைப்படாதீர்கள். தண்ணீர்மலைக் கோயிலை அடுத்துத் தொடங்கும் அந்தப் பாதை சுமார் 5 கிலோமீட்டருக்குள் 600 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அங்கே இந்த வேறுபாட்டை முழங்கால் உடனே உணர்ந்துவிடும்.

ஆகவே உங்களுக்குக் குறைவாக இருப்பது கியர்களின் எண்ணிக்கை அன்று. அடிமட்டத்தில் ஓர் இலகுவான கியர். அதை மிகக் குறைந்த செலவில் பெறும் வழி, முன் பற்சக்கரத்தை மட்டும் மாற்றுவதுதான். 30 பற்களுக்கு மாறினால் 0.71, 28-க்கு மாறினால் 0.67 என, பழைய சைக்கிளின் அளவை ஏறக்குறைய எட்டிவிடலாம். இதற்கு ஈடாகச் சமதளத்தில் சிறிது வேகத்தை இழப்பீர்கள்: 29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும்போது, 32 பற்களில் மணிக்கு 32 கிலோமீட்டர் வரும் உச்ச வேகம் 28 பற்களில் 28 ஆகக் குறையும். கர்னி டிரைவ் கடற்கரைச் சாலையில் சாலைச் சைக்கிள்காரர்களோடு ஓட்டுபவருக்கு அது உறுத்தலாம்; மலையேற விரும்பும் உங்களுக்கு அது பெரிய இழப்பு என்று நான் எண்ணவில்லை.

வாங்குவதற்கு முன், பெடல் பொருந்தியிருக்கும் கையான கிராங்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பற்சக்கரம் நான்கு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டு, அந்தப் போல்ட்டுகளின் நடுவழியே செல்லும் வட்டத்தின் விட்டம் (போல்ட்டு வட்டம்) 104 மில்லிமீட்டராக இருந்தால், 30 பற்களுக்குக் கீழே போக முடியாது. போல்ட்டு வட்டம் இன்றி நேரடியாகக் கிராங்கில் பொருந்தும் வகையாக இருந்தால் 28-ம் கிடைக்கும். பல் ஒன்று அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் மாறி மாறி அமைந்த பற்சக்கரத்தையே கேளுங்கள். கல்லிலும் வேரிலும் குதிக்கும்போது செயின் கழன்றுவிடாமல் காப்பது அந்த அமைப்புத்தான். 28-க்கு மாறினால், செயினில் ஒரு ஜோடி கண்ணியைக் குறைக்க வேண்டி வரும்.

12 கியர் தரக்குறைவானது என்று நான் சொல்லவில்லை. 2012-இல் ஸ்ராம் நிறுவனம் 10 முதல் 42 வரையிலான 11 கியர் கேசட்டையும், 2016-இல் 10 முதல் 50 வரையிலான 12 கியர் கேசட்டையும் கொண்டுவந்த பிறகுதான், ஒற்றைப் பற்சக்கரம் உண்மையிலேயே எல்லா ஏற்றத்துக்கும் போதுமானதாயிற்று. ஆனால் அதற்கு மாறக் கேசட், செயின், பின் கியர் மாற்றி, கைப்பிடியில் உள்ள ஷிப்டர் ஆகிய நான்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். 10 பல் கொண்ட சின்னச் சக்கரம் வேண்டுமென்றால், பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் கேசட் அமரும் உருளையும் வேறு வகையாக இருக்க வேண்டும். சில ஹப்புகளுக்கு அந்த உருளை தனியாகக் கிடைக்காமல், பின்சக்கரத்தையே மாற்ற நேரிடும். கடைக்காரர் சொன்ன விலையில் இது அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்து மாறக்கூடிய நிலை ஒன்று உண்டு. அது செயினும் கேசட்டும் ஏற்கெனவே தேய்ந்திருப்பது. மழையும் செம்மண்ணும் கலந்த நம் பாதைகளில் அது விரைவாகவே நிகழும். ஓர் இரும்பு அளவுகோலை எடுத்து, செயினின் ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிய செயினில் அது 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 307-ஐத் தாண்டியிருந்தால் செயினோடு கேசட்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதன்மேல் புதிய செயினை மாட்டினால், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும் வேளையில் அது பற்களின் மேல் வழுக்கும். எப்படியும் இரண்டையும் வாங்கியாக வேண்டிய அந்த நேரத்தில், உங்கள் பழைய ஹப்பிலேயே பொருந்தும் ஷிமானோ நிறுவனத்தின் தியோர் வரிசையிலுள்ள 11 கியர், 11 முதல் 51 வரையிலான கேசட்டையும் அதற்குரிய மாற்றியையும் ஷிப்டரையும் வாங்குவது நியாயமான செலவு. 32 பற்களை அப்படியே வைத்துக்கொண்டாலும் அதில் 0.63 கிடைக்கும். அளவு 307-க்குள் இருந்தால், ஒரு 30 பல் சக்கரத்தோடு அடுத்த ஞாயிறு காலையில் ஜீப் பாதைக்குப் போய்வந்து, எந்த வளைவில் இறங்கினீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.